ஃபோரம் போகும் வழியில் சிரிக்க வைத்தவர்கள்



நகைச்சுவை நாடகங்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். ஒத்திகையில் யாரும் சிரிக்காத ஒரு வசனம் மேடையில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போகும். எழுதியவர் முழுசாக நம்பியிருந்த இன்னொரு வசனம் சத்தமே இல்லாமல் விழுந்துவிடும். பெரும்பாலும் காரணம் வசனத்தில் இல்லை, அதைச் சொன்ன ஆளிடம் இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஒரு அமெரிக்க இசை நாடகம். அதன் நடிகர்களுக்கு நான் ரசிகன். இந்த இதழில் அவர்களை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசை. அவர்களுடைய நடிப்பைப் போலவே, மேடைக்குப் பின்னால் அவர்கள் நடந்துகொண்ட விதமும் சொல்லத் தகுந்தது.

நாடகத்தின் பெயர் கொஞ்சம் நீளம்: 'எ ஃபன்னி திங் ஹாப்பெண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்'. மேடை நகைச்சுவையாளர்கள் அந்தக் காலத்தில், "இன்று தியேட்டருக்கு வரும் வழியில் ஒரு வேடிக்கை நடந்தது பாருங்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தப் பழகிய வரியில் தியேட்டரை எடுத்துவிட்டு, பழைய ரோமாபுரியின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தை வைத்தார்கள். ரசிகர்கள் சுருக்கமாக 'ஃபோரம்' என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

ஒரு தெரு, மூன்று வீடுகள்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து கி.மு. 184 வாக்கில் இறந்த ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ். எஜமானை விட புத்திசாலியான அடிமை, சபலக்காரக் கிழவர், வீறாப்புப் பேசும் படைத்தலைவன் போன்ற பாத்திரங்களை வைத்து அவர் நாடகங்கள் எழுதினார். அந்த நாடகங்களில் சிலவற்றை எடுத்து, பர்ட் ஷெவ்லவ், லாரி கெல்பார்ட் என்ற இருவர் புதிதாக ஒரு கதை பின்னினார்கள். பாட்டும் இசையும் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'ஜிப்ஸி' ஆகிய நாடகங்களுக்கு அவர் ஏற்கெனவே பாடல் எழுதியிருந்தார். ஆனால் பிராட்வேயில் பாடலும் இசையும் இரண்டுமே அவருடையதாக வந்த முதல் நாடகம் இதுதான். இயக்கியவர் ஜார்ஜ் அபாட், தயாரித்தவர் ஹரால்டு பிரின்ஸ்.

மேடையில் ஒரே காட்சியமைப்பு. ரோமில் ஒரு தெரு, அதில் மூன்று வீடுகள். ஒன்று செனெக்ஸ் என்ற பெரியவருடையது. இன்னொன்று லைக்கஸ் என்பவன் நடத்தும் கணிகையர் விடுதி. மூன்றாவது வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் சொந்தக்காரரான எரோனியஸ் என்ற கிழவர், குழந்தைப் பருவத்தில் கடற்கொள்ளையர் தூக்கிப்போன தன் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்.

செனெக்ஸ் வீட்டில் சூடோலஸ் என்ற அடிமை இருக்கிறான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, விடுதலை. வீட்டு இளைஞன் ஹீரோவுக்குப் பக்கத்து விடுதியில் இருக்கும் ஃபிலியா மேல் காதல். அவளோ ஒரு படைத்தலைவனுக்கு ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டாள். "அவளை உனக்குச் சேர்த்து வைக்கிறேன், என்னை விடுவித்துவிடு" என்று சூடோலஸ் பேரம் பேசுகிறான். ஒரு பொய் சொல்கிறான். அதைக் காப்பாற்ற இரண்டாவது, அதைக் காப்பாற்ற மூன்றாவது. ஊருக்குப் போன செனெக்ஸ் சொல்லாமல் திரும்பிவருகிறார். எரோனியஸும் வந்துசேர்கிறார். வீட்டில் பேய் இருக்கிறது, அதை ஓட்ட ரோமின் ஏழு குன்றுகளையும் ஏழு முறை சுற்றிவர வேண்டும் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுகிறார்கள். பாவம், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவர் மூச்சிரைக்க மேடையைக் கடந்து போவார். யார் எந்தக் கதவைத் திறந்து எப்போது வருவார்கள் என்று தெரியாத பரபரப்பிலேயே முழு நாடகமும் ஓடுகிறது. எல்லாம் ஒரே நாளில் நடந்து முடிகிறது.

கதையைக் கேட்டால் சாதாரணமாகத்தான் தோன்றும். இந்த வகை நாடகத்தில் நடிகர்தான் முதலும் மூலதனமும். அந்த நடிகர்கள் 1962-ல் எங்கிருந்து வந்தார்கள் என்பதில்தான் நம் வரலாறு தொடங்குகிறது.

வேலை பறிக்கப்பட்ட காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் கம்யூனிச பீதி பரவியது. நாடாளுமன்றக் கீழவையின் விசாரணைக் குழு ஒன்று சினிமா, நாடகக் கலைஞர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. "நீ கட்சியில் இருந்தாயா? உன்னோடு யார் யார் இருந்தார்கள்?" இரண்டாவது கேள்விதான் கொடுமையானது. பெயர்களைச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் வேலை போகும். 1950-ல் 'ரெட் சேனல்ஸ்' என்ற சிறு புத்தகம் வெளியானது. வானொலி, தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்த 151 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. சட்டப்படி அவர்கள் மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அவர்களைக் கூப்பிட வேண்டிய தொலைபேசி மணி ஒலிப்பது நின்றுபோனது. இதையே கறுப்புப் பட்டியல் என்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் அடிபட்ட இரண்டு நகைச்சுவை நடிகர்கள் 'ஃபோரம்' மேடையின் நடுவில் நின்றார்கள். ஒருவர் ஸீரோ மாஸ்டல், மற்றவர் ஜாக் கில்ஃபோர்டு.

ஸீரோ மாஸ்டல்: பெரிய உடம்பு, லேசான கால்

1915-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மாஸ்டல். இயற்பெயர் சாமுவேல். படித்தது ஓவியம், கடைசிவரை தன்னை ஓவியர் என்றே சொல்லிக்கொண்டார். 1942-ல் 'கஃபே சொசைட்டி' என்ற இரவு விடுதியில் நகைச்சுவை மேடையேறினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க அனுமதித்த இடம் என்று அந்த விடுதிக்குப் பெயர். 'ஸீரோ' என்ற பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

ஹாலிவுட் வாய்ப்பு வந்த வேகத்திலேயே போனது. 1955 அக்டோபரில் விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்தார். எந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, 'டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ்' நிறுவனத்தின் பெயரைப் 'பதினெட்டாம் நூற்றாண்டு ஃபாக்ஸ்' என்று மாற்றிச் சொன்னார். கட்சி நிகழ்ச்சி ஒன்றில் நடித்தது பற்றித் துருவியபோது, ஓய்வெடுக்கும் பட்டாம்பூச்சியைப் போல நடித்துக் காட்டியிருந்தால் அதில் என்ன குற்றம் என்கிற தொனியில் பேசினார். இது விசாரணைக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. சிரிக்க வைத்தார், ஆனால் ஒரு பெயரையும் சொல்லவில்லை. அதற்கான விலையையும் கொடுத்தார். பல ஆண்டுகள் ஓவியம் வரைந்தும், கிடைத்த சிறு மேடைகளில் நடித்தும் காலம் தள்ளினார்.

1960 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு பேருந்து அவர்மேல் மோதி, ஒரு கால் நசுங்கியது. காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். மாட்டேன் என்றார். பல மாதம் மருத்துவமனையில் கிடந்து கால் பிழைத்தது. வலியும் தாங்கலும் மட்டும் வாழ்நாள் முழுக்க மிஞ்சின.

அடுத்த ஆண்டே 'ரைனோசெரஸ்' நாடகத்தில், எந்த ஒப்பனையும் முகமூடியும் இல்லாமல், பார்வையாளர் கண்முன்னே மனிதனிலிருந்து காண்டாமிருகமாக மாறிக் காட்டி டோனி விருது வாங்கினார். அதற்கடுத்து சூடோலஸ்.

இந்த இடத்தில் ரசிகனாகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். மாஸ்டலின் உடம்பு கனமானது, கழுத்தே தெரியாத மாதிரி. ஆனால் அவர் அசையும்போது அந்தக் கனம் எங்கே போனது என்று தெரியாது. விரல் நுனியிலும் புருவத்திலும் நாட்டியம் இருக்கும். குரல் ஒரு நொடி கர்ஜிக்கும், மறுநொடி குழந்தை மாதிரி கொஞ்சும். பொய் மாட்டிக்கொள்ளும் சமயத்தில் அவர் கண்கள் இரண்டு பக்கமும் ஓடி, வெளியேற ஒரு வழி தேடும். அடுத்த பொய் மூளையில் உருவாவதை நாம் முகத்திலேயே பார்க்கலாம். எழுதிவைத்த வசனத்தோடு அவர் நிற்கமாட்டார் என்பதும் பிரசித்தம். ஒவ்வொரு இரவும் எதையாவது சேர்ப்பார். எழுத்தாளர்களுக்கு அது தலைவலி, பார்ப்பவர்களுக்கு விருந்து.

விடுதலை என்றால் எப்படி இருக்கும் என்று சூடோலஸ் கனவு காணும் ஒரு பாட்டு உண்டு. வேடிக்கையான பாட்டுதான். ஆனால் பல ஆண்டுகள் தொழில் செய்யும் உரிமை பறிக்கப்பட்ட ஒருவர் அதைப் பாடுகிறார் என்று தெரிந்து கேட்டுப் பாருங்கள். உங்கள் சிரிப்பு ஓர் இடத்தில் லேசாக நின்று, பிறகு தொடரும்.

ஜாக் கில்ஃபோர்டு: பதற்றத்தின் கலைஞர்

மாஸ்டல் மேடையை நிரப்புவார் என்றால், கில்ஃபோர்டு ஓரமாக நின்றே மேடையைத் திருடுவார். 1908-ல் பிறந்தவர். முப்பதுகளின் கடைசியில் அதே 'கஃபே சொசைட்டி'யில் நிகழ்ச்சி தொகுப்பாளராக இருந்தவர். அடுப்பில் பட்டாணி சூப் மெல்ல மெல்லக் கொதித்து வருவதை முகத்தாலேயே நடித்துக் காட்டுவது அவருடைய பழைய ஐட்டம். ரப்பர் போன்ற முகம், சோகமான பெரிய கண்கள், உள்ளடங்கிய குரல். கறுப்புப் பட்டியலில் அவரும் இருந்தார், அவர் மனைவி மேடலின் லீயும் இருந்தார்.

'ஃபோரம்' நாடகத்தில் கில்ஃபோர்டு ஏற்றது ஹிஸ்டீரியம், செனெக்ஸ் வீட்டு அடிமைகளின் தலைவன். விதிமுறை தவறாதவன், எஜமானிக்குப் பயந்தவன். ஒவ்வொரு குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார் இல்லையா, எதற்கும் சுற்றறிக்கை வேண்டும் என்பவர்? அவர்தான். சூடோலஸ் அவனைத் தன் பொய்களுக்குள் இழுத்துப் போடுகிறான். தான் அமைதியாக இருப்பதாக அவன் பாடும் பாட்டில் கொஞ்சம்கூட அமைதி இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தானே தைரியம் சொல்லி, ஒரு சின்ன சத்தத்துக்கு உடைந்து போவான். உச்சக் காட்சியில் அவனுக்கே பெண் வேடம் போட்டு, இறந்த ஃபிலியா என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். முதலில் அழ வருகிறது. "நீ எவ்வளவு அழகு" என்று சூடோலஸ் பாடப் பாட, மெல்ல அதை நம்பத் தொடங்குகிறான். அந்த முகத்தில் பயம் வெட்கமாக மாறி, வெட்கம் பெருமிதமாக மாறும் சில நொடிகளுக்காகவே கில்ஃபோர்டை எனக்குப் பிடிக்கும். பெண் வேடத்தைக் கேலி செய்து சிரிப்பு வாங்குவது சுலபம். அவரோ அந்தப் பயந்த மனிதனின் மேல் நமக்கு இரக்கம் வரவைத்துச் சிரிப்பு வாங்கினார்.

வாஷிங்டனில் காலி இருக்கைகள்

பிராட்வே நாடகங்கள் நியூயார்க் வருமுன் வெளியூர்களில் வெள்ளோட்டம் பார்ப்பது அக்கால வழக்கம். 'ஃபோரம்' நியூ ஹேவனிலும் வாஷிங்டனிலும் ஓடியது. சிரிப்பு வரவில்லை, கூட்டமும் கரைந்தது. பல ஆண்டு உழைப்பு கண்முன்னே மூழ்கிக்கொண்டிருந்தது. அப்போது உதவிக்கு ஒருவரை அழைக்கலாம் என்று முடிவானது. அவர் ஜெரோம் ராபின்ஸ். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை இயக்கி நடனம் அமைத்தவர், மேடையில் எது வேலை செய்யும் என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்.

சிக்கல் என்னவென்றால், 1953 மே மாதம் இதே ராபின்ஸ் விசாரணைக் குழு முன் ஆஜராகி எட்டுப் பெயர்களைச் சொல்லியிருந்தார். அதில் ஒன்று மேடலின் லீ, அதாவது கில்ஃபோர்டின் மனைவி. தன் அந்தரங்க வாழ்க்கை அம்பலமாகிவிடும் என்ற பயத்தில் அவர் பணிந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், பெயர் சொல்லப்பட்டவர்களின் வீட்டில் அடுப்பு அணைந்தது உண்மை.

தயாரிப்பாளர் பிரின்ஸ் மாஸ்டலிடம் கேட்டார். பின்னாளில் பலமுறை சொல்லப்பட்ட கதையின்படி மாஸ்டலின் பதில் இதுதான்: அவரோடு சேர்ந்து சாப்பிட வேண்டுமென்று நீங்கள் கேட்கவில்லையே, வேலைதானே செய்ய வேண்டும்? மேலும், ஆளைப் பட்டியல் போட்டு ஒதுக்குவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. கில்ஃபோர்டு விலகிவிடலாமா என்று யோசித்தார் என்றும், உன்னை நீயே ஏன் பட்டியலில் போட்டுக்கொள்கிறாய் என்று மேடலினே தடுத்தார் என்றும் சொல்வார்கள். ராபின்ஸ் வந்த அன்று, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, வாய் சும்மா இருக்காத ஆள் என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயரால் மாஸ்டல் உரக்க அவரை வரவேற்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். வேலை தொடங்கியது.

ராபின்ஸ் பார்த்துவிட்டுச் சொன்ன நோய் எளிமையானது. தொடக்கப் பாட்டு மென்மையான காதல் பாட்டாக இருந்தது. அதைக் கேட்ட கூட்டம் அழகான, நாசூக்கான ஒரு நாடகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு மேடையில் ஓட்டமும் உதையும் வந்ததும் குழம்பிப் போகிறது. இன்று நாங்கள் உங்களுக்குத் தரப்போவது வெறும் சிரிப்பு என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள் என்றார். சோண்ட்ஹைம் புதிய பாட்டு எழுதினார். அதுதான் 'காமெடி டுநைட்'. மாஸ்டல் திரைக்கு முன்னால் வந்து கட்டியம் கூறுவதுபோல் பாட, ராபின்ஸ் அந்தப் பாட்டு முழுக்கக் குட்டிக் குட்டி வேடிக்கைகளை அடைத்தார். நாடகத்தின் மற்ற வசனங்கள் பெரிய அளவில் மாறவில்லை. ஆனால் அதே வசனங்களுக்கு இப்போது கூட்டம் சிரித்தது.

1962 மே 8 அன்று நியூயார்க்கின் ஆல்வின் தியேட்டரில் (இன்று அதன் பெயர் நீல் சைமன் தியேட்டர்) நாடகம் தொடங்கியது. 1964 ஆகஸ்ட் வரை 964 காட்சிகள் நடந்தன. சிறந்த இசை நாடகம், சிறந்த நடிகர் உட்பட ஆறு டோனி விருதுகள் கிடைத்தன. சோண்ட்ஹைமின் பாடல்களுக்குப் பரிந்துரை கூடக் கிடைக்கவில்லை என்பது இன்று நம்ப முடியாத வேடிக்கை.

மாஸ்டலும் ராபின்ஸும் அதோடு நிற்கவில்லை. 1964-ல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தில் ராபின்ஸ் இயக்க, பால்காரர் டெவ்யாவாக மாஸ்டல் நடித்தார். அவருக்கு மூன்றாவது டோனி. மன்னித்தாரா? அப்படித் தோன்றவில்லை. 1976-ல் 'தி ஃப்ரன்ட்' என்ற படத்தில், கறுப்புப் பட்டியலால் நொறுங்கும் நகைச்சுவை நடிகனாக மாஸ்டல் நடித்தார். வேலை பறிபோய் 1955-ல் உயிரை மாய்த்துக்கொண்ட அவருடைய நண்பர், நடிகர் ஃபிலிப் லோப், அந்தப் பாத்திரத்தின் பின்னால் இருக்கிறார். பழையதை அவர் மறக்கவே இல்லை என்பதற்கு அந்தப் படம் சாட்சி. மறக்காமலும், அதற்காக இன்னொருவரின் வேலையைக் கெடுக்காமலும் இருந்தார்.

மற்ற ராஜபார்ட்டுகள்

செனெக்ஸாக நடித்த டேவிட் பர்ன்ஸுக்கும் டோனி கிடைத்தது. முன்பே 'தி மியூசிக் மேன்' நாடகத்துக்கு ஒன்று வாங்கியிருந்தார். வீட்டுக்கு ஒரு பணிப்பெண் வேண்டும் என்று செனெக்ஸ் ஜொள்ளு விடும் பாட்டில், ஒவ்வொரு 'ஒன்ஸ் மோர்' வரும்போதும் இன்னொருவர் வந்து சேர்வார். கடைசியில் நான்கு நடுத்தர வயது ஆண்கள் வெட்கமில்லாமல் வரிசையாக ஆடுவார்கள். பர்ன்ஸ் கடைசி வரை மேடை மனிதர். 1971 மார்ச்சில் பிலடெல்பியாவில் வேறொரு நாடகத்தின் வெள்ளோட்டத்தில், காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார்.

லைக்கஸாக வந்தவர் திகில் படங்களில் டிராகுலாவாக மிரட்டிய ஜான் கேரடைன். அந்தக் கட்டைக்குரலைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியது நல்ல யோசனை. படைத்தலைவனாக வந்த ரொனால்டு ஹோல்கேட் பிற்பாடு '1776' நாடகத்துக்காக டோனி வாங்கினார். செனெக்ஸின் மனைவி டோமினாவாக ரூத் கோபார்ட், கணீரென்ற குரலில் கணவரைத் தேடி வருவார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த நாடகத்தில் பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. ஒருத்தி அடாவடி மனைவி, ஒருத்தி அசட்டு அழகி, மற்றவர்கள் விற்பனைக்கு இருப்பவர்கள். பணிப்பெண் பாட்டு இன்று பல வீடுகளில் நெருடும், நெருடவும் வேண்டும். பிளாட்டஸ் காலத்து அச்சை அப்படியே எடுத்ததன் விளைவு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் சமாதானம்தான் அது.

ஒரே வேடம், பல முகம்

சூடோலஸ் வேடத்தை முதலில் ஃபில் சில்வர்ஸுக்குத்தான் கொடுத்தார்கள். மறுத்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் மேடையில் நடிக்க வேண்டியிருக்குமே என்ற தயக்கமும் ஒரு காரணமாம். பத்து ஆண்டு கழித்து, 1972-ல் புதிய தயாரிப்பில் கண்ணாடியோடேயே நடித்து டோனி வாங்கினார். ஹிஸ்டீரியமாக நடித்த லாரி பிளைடனுக்கும் ஒன்று. சில மாதங்களில் சில்வர்ஸுக்குப் பக்கவாதம் வந்ததால் ஓட்டம் நின்றது. 1996-ல் நேதன் லேன் அதே வேடத்துக்கு டோனி வாங்கினார். பிராட்வேயில் இந்த நாடகத்தைத் தலைமை தாங்கி நடத்திய மூன்று தொடக்க நடிகர்களுமே விருது வாங்கியிருக்கிறார்கள். லண்டனில் 1963-ல் ஃபிராங்கி ஹாவர்டு, கூட்டத்தோடு வம்பளப்பது போன்ற தன் பாணியில் வெற்றிகரமாக நடத்தினார்.

1997-ல் லேன் விலகியபோது அந்த இடத்துக்கு வூப்பி கோல்ட்பெர்க் வந்தார். ஒரு கறுப்பினப் பெண், அடிமை வேடத்தில் நின்று விடுதலை கேட்கிறார். எழுதிய வரிகள் அதேதான். அமெரிக்க மேடையில் அந்த வரிகளின் கனம் மட்டும் கூடியிருக்கும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னேனே, சொல்கிற ஆளிடம்தான் எல்லாம் இருக்கிறது என்று. அதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நீங்கள் பார்க்க, கேட்க

1966-ல் ரிச்சர்டு லெஸ்டர் இயக்கத்தில் 'ஃபோரம்' படமாக வந்தது. மாஸ்டலும் கில்ஃபோர்டும் தங்கள் வேடங்களிலேயே நடித்தார்கள். சில்வர்ஸ் இதில் லைக்கஸ். குன்றுகளைச் சுற்றி ஓடும் கிழவர் எரோனியஸாக வருபவர் மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன். அப்போது அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். படம் வெளிவருவதற்கு முன்பே, 1966 பிப்ரவரியில் இறந்துபோனார். தெரிந்து பார்த்தால் அந்த ஓட்டம் வேறு மாதிரி தெரியும். படத்தில் பல பாட்டுகளை வெட்டிவிட்டார்கள். சூடோலஸின் விடுதலைப் பாட்டும், ஹிஸ்டீரியத்தின் 'அமைதி'ப் பாட்டும் வேண்டுமென்றால் 1962 நாடகக் குழுவின் இசைத்தட்டைத் தேடிக் கேளுங்கள். முதலில் இசைத்தட்டு, பிறகு படம் என்பது என் சிபாரிசு. குரலைக் கேட்டுப் பழகிய பிறகு முகத்தைப் பார்த்தால் சுவை இரட்டிப்பாகும்.

மாஸ்டல் 1977-லும், கில்ஃபோர்டு 1990-லும், ராபின்ஸ் 1998-லும் மறைந்தார்கள். ஒரு தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்ளும் ஒரு கதையை, ஒருவரை ஒருவர் மன்னிக்காத மனிதர்கள் சேர்ந்து எடுத்துக் கட்டினார்கள். நாம் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே சுற்றுச்சுவருக்குள் வைத்துக்கொண்டு வாழ்கிறோம். வாகன நிறுத்தத்துக்காகவும் தண்ணீர்க் கட்டணத்துக்காகவும் முகம் கொடுத்துப் பேசாமல் போனவர்கள் நம்மில் இல்லாமலா இருப்பார்கள்? இவர்களுக்கு இருந்த வழக்கு அதையெல்லாம்விடப் பெரியது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் பிடிக்காத ஒருவரோடு ஒரே குழுவில் பெயர் வந்தால், மாஸ்டல் சொன்னதாகச் சொல்லப்படும் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேலையைத்தான் கேட்கிறார்கள்.